வரிசைக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளே,

ராணுவச் சோதனைச்சாவடியில் விடியற்காலை போய் நின்று, கடந்து போகிறவர்களைப் பார்த்து எழுதிவைக்கும் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறோம், நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் ஆச்சி என்று கேட்டீர்கள். நாலில் அடங்கவில்லை. இலங்கையின் போர்நிறுத்தக் காலத்தில் வவுனியாவில் தங்கி ஓமந்தைக்குப் போய்வந்ததில் தெரிந்துகொண்டதையும், வேறு நாடுகளில் இதே வேலையைச் செய்கிறவர்களிடமிருந்து கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்த வேலை நமக்குப் புதிதன்று. 1957-இல் காந்தியவாதி வினோபா தொடங்கிய, ஆயுதமில்லாத அமைதித் தொண்டர்களின் சாந்தி சேனையில் இதன் வேர் இருக்கிறது. நம் காந்திகிராமத்தில் மாணவர்களுக்கு அந்தப் பயிற்சி நடந்தது. சாந்தி சேனையை நடத்திய நாராயண் தேசாய், 1981-இல் கனடாவில் பன்னாட்டு அமைதிப் படையணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த அமைப்பின் தொண்டர்கள் 1989 முதல் 1998 வரை இலங்கையில் இருந்தார்கள். உயிருக்கு ஆபத்து வந்த வழக்கறிஞர்களுக்குத் துணையாகக் கூடவே நடந்தார்கள். 2002 கடைசியில் டெல்லிக்குப் பக்கத்தில் சூரஜ்குண்டில் கூடிய அகிம்சை அமைதிப் படை, தன் முதல் களமாக எடுத்துக்கொண்டதும் இலங்கையைத்தான். 2001 தொடக்கத்தில் இஸ்ரேலில் மூன்று பெண்கள் 'மக்சோம் வாட்ச்' என்று ஒரு குழுவை ஆரம்பித்தார்கள். தங்கள் நாட்டுப் படையின் சாவடிகளுக்கே காலையும் மாலையும் போய் நின்று பார்த்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு உலகத் திருச்சபைகள் மன்றமும் பல நாட்டுத் தொண்டர்களைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பத் தொடங்கியது.

உங்களில் சிலர் மணிப்பூர் என்கிறீர்கள், சிலர் பெத்லகேம் என்கிறீர்கள். எங்கே போனாலும் சரி, கீழே உள்ள பத்தும் பொருந்தும்.

1. சாவடியின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலை பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2002 பிப்ரவரி 22-இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த உடன்பாடு ஆனபின், ஏப்ரலில் திறந்தார்கள். வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையில் அரசுப் படையின் சாவடி. அதைத் தாண்டி இரு தரப்புக்கும் நடுவே ஒரு துண்டு நிலம்; அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தார் இருப்பார்கள். அப்புறம் புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. வடக்கே யாழ்ப்பாணப் பக்கம் பளையில் புலிகள், முகமாலையில் ராணுவம். ஒரே பயணத்தில் நாலு இடத்தில் மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டும். ராணுவத்திடம் சோதனை, புலிகளிடம் சோதனையோடு வரியும் உண்டு. 2006 ஆகஸ்ட் 11-இல் முகமாலையில் சண்டை வெடித்ததும் பாதை மூடியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அரிசி, மருந்து எல்லாம் கப்பலில் வர வேண்டியதாயிற்று.

இதெல்லாம் தெரியாமல் போய் நின்றால், ஒரு கிழவி அடையாள அட்டையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருப்பதன் பொருள் உங்களுக்கு விளங்காது. போர்நிறுத்தத்துக்கு முன் வவுனியாவில் தங்கவும் தாண்டவும் ராணுவத்திடம் 'பாஸ்' எடுக்க வேண்டியிருந்தது. அடையாள அட்டை தொலைந்தால் வாழ்க்கையே நின்றுபோகும். பாலஸ்தீனத்தில் மேற்குக் கரைக்காரருக்குப் பச்சை உறை போட்ட அட்டை, கிழக்கு ஜெருசலேம்காரருக்கு நீல உறை. நிறத்தைப் பொறுத்து எந்த வழியில் போகலாம் என்பதே மாறும். மணிப்பூரில் 2023 மே மாதம் மெய்தேயி, குக்கி மக்களுக்கிடையே வெடித்த மோதலுக்குப் பிறகு இம்பால் பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் நடுவே மத்தியப் படைகளின் இடைவெளிப் பகுதி இருக்கிறது. மெய்தேயிகள் மலைப்பக்கம் போகவும் குக்கிகள் பள்ளத்தாக்குப்பக்கம் வரவும் அஞ்சுகிறார்கள். அங்கே போகிறவர்கள் 1958-ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தைக் கையோடு வைத்திருங்கள். அதன் ஐந்தாம் பிரிவு, படை பிடித்தவரைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. அந்த ஒரு பிரிவை மனப்பாடம் செய்தாலே உங்களால் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

2. ஜனங்களுக்கு முன்பே போய்விடுங்கள்.

ஏழு மணிக்கு ஜெருசலேமில் வேலைக்கு நிற்க வேண்டிய கொத்தனார், பெத்லகேம் சாவடியில் மூன்று மணிக்கே வரிசை பிடித்தார். ஆறு மணிக்கு வந்து பார்த்தவருக்கு அந்த மூன்று மணிநேரம் தெரியாது. வரிசை ஒழுங்காக நகர்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு அந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானவர்களின் அனுமதியையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே வரிசை குட்டையாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள்.

3. கணக்கு எழுதுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பையன்கள் அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொழும்புக்கும், வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறினார்கள். அங்கே அவர்கள் முதலில் படித்த பாடம், அன்றைய கணக்கை அன்றைக்கே பேரேட்டில் ஏற்றுவது. காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று படுக்கிற பையன், கடையை நடத்துகிறவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயரவே மாட்டான். உங்கள் நோட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். அரைமணிக்கு எத்தனை பேர் தாண்டினார்கள், எத்தனை சன்னல் திறந்திருந்தது, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள், என்ன காரணம் சொன்னார்கள், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், நோயாளிகள் எத்தனை பேர், ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரம் நின்றது. பாலஸ்தீனத்தில் நோயாளியை ஒரு ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிச் சாவடிக்கு மறுபக்கம் நிற்கும் இன்னொரு ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். ஏற்ற எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதிய ஒரு வரி, பின்னால் ஒரு மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ உதவும்.

பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் கண்டது, நான் காதால் கேட்டது, பிறர் சொன்னது. ஒன்றை இன்னொன்றின் கட்டத்தில் எழுதக் கூடாது. 'கொடுமைப்படுத்தினார்கள்' என்று எழுதாதீர்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்களா, எத்தனை நிமிடம் வெயிலில் நிறுத்தினார்கள், சொன்னவருடைய தோளில் என்ன பட்டை இருந்தது, அதை எழுதுங்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நோட்டைக் கையில் எடுக்கிற அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான். கோபத்தில் எழுதிய ஒரு சொல் கிடைத்தால் மற்ற எல்லா வரியையும் தள்ளிவிடுவார்.

நேரத்தைப் பற்றி ஒன்று. 1996-இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. புலிகள் அதை ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, ஓமந்தைக்கு இந்தப்பக்கம் ஒரு நேரம், புலிகள் வசமிருந்த வன்னியில் அதைவிட அரைமணி பிந்திய நேரம். காரைக்குடியிலிருந்து கட்டிக்கொண்டு போன என் கைக்கடிகாரம் வன்னிக்குச் சரியாகவும் ஆமிக்காரருக்கு அரைமணி பிந்தியும் ஓடியது. 'எட்டு மணிக்குப் பிடித்தார்கள்' என்று ஒரு தாய் சொன்னால், எந்த எட்டு மணி அம்மா என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். யார் கையில் பிள்ளை கடைசியாக இருந்தான் என்பதே அந்த அரைமணியில் மாறிப்போகலாம். நீங்கள் போகிற இடத்திலும் இப்படி ஏதாவது இருக்கும். அதை முதல் வாரமே கண்டுபிடியுங்கள்.

4. உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியும்படி நில்லுங்கள்.

ஈழத்து மக்களுக்குச் சுற்றிவளைப்பு என்றால் நெஞ்சு நடுங்கும். ஊரையே வெளியே வரச்சொல்லி, முகமூடி போட்ட ஒரு ஆளின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவைப்பார்கள். கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட துணிக்குள் இருந்து அந்த ஆள் தலையை ஆட்டினால், அப்போது முன்னால் நின்றவரை லாரியில் ஏற்றுவார்கள். தலையாட்டி என்று அவனைச் சொல்வார்கள். இலங்கை ராணுவம் செய்த இதையே, 1987-இல் அங்கே போன இந்திய அமைதிப் படையும் செய்தது.

அப்படி வாழ்ந்த ஜனங்கள் நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில், ஒருவர் சும்மா நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? அதனால் மூலையில் ஒதுங்கி நிற்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். முதல் சில நாள் எழுதவே வேண்டாம். வணக்கம் சொல்லுங்கள், எங்கிருந்து வருகிறேன், எதற்கு நிற்கிறேன் என்று கேட்கிறவருக்கெல்லாம் சலிக்காமல் சொல்லுங்கள். உங்கள் குழுவின் சட்டையும் அட்டையும் தூரத்திலேயே தெரிய வேண்டும். பச்சை, காக்கி, புள்ளி போட்ட துணி எதுவும் உடம்பில் படக் கூடாது.

வரிசையில் நிற்கிறவர் பெயரை நோட்டில் எழுதாதீர்கள். நோட்டை எப்போது வேண்டுமானாலும் உங்களிடமிருந்து வாங்கிவிடலாம். ஒருவர் தானே முன்வந்து புகார் தருகிறேன் என்றால், அதைச் சாவடியில் வைத்து வாங்காமல், உள்ளூர் வழக்கறிஞர் அலுவலகத்தில் வாங்குங்கள். போட்டோ விஷயத்தில் நான் கடுமையாகத்தான் சொல்வேன்: வரிசையில் நிற்கிறவர் முகத்தைப் படம் எடுக்கவே கூடாது. நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள். அவர் நாளைக்கும் அதே சன்னலில் நிற்க வேண்டும்.

5. பேசுவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள்.

அநியாயம் கண்முன் நடக்கும்போது வாய் துடிக்கும். பேச வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் நாம் பேசினால் யாருக்கு நேரம் நீளும், யார் மேல் ஆத்திரம் இறங்கும் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். சன்னலில் இருக்கும் சிப்பாயிடம் வாதாடாதீர்கள். அவன் உங்கள் வயசுப் பையன், அவனால் எதையும் மாற்றவும் முடியாது. அவனுக்கு மேலே உள்ள அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். அவரிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: "அந்தக் கர்ப்பிணிப் பெண்ணை முன்னால் விட முடியுமா?" நாலு குறையைச் சேர்த்துச் சொன்னால் நாலும் போகும்.

சிப்பாயின் மொழியில் சில வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். ஓமந்தையில் சிங்களம் தெரிந்த தொண்டருக்குக் கிடைத்த மரியாதை தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை. எதிரில் இருப்பவனையும் மனிதனாக எண்ணிப் பேசுவது சாந்தி சேனையின் அடிப்படைப் பாடம். அதைத் தந்திரம் என்று நினைத்துச் செய்யாதீர்கள், நடிப்பு உடனே தெரிந்துவிடும்.

6. உங்கள் பாஸ்போர்ட் என்ன பேசும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் நடுநிலை என்று நீங்கள் சொன்னால் போதாது. தமிழ்நாட்டிலிருந்து வவுனியா போகிற ஒருவரை, சிங்களச் சிப்பாய் இந்தியத் தமிழராகப் பார்ப்பான். வரிசையில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரரோ இந்தியராகப் பார்ப்பார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்திய ராணுவம் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றதை அந்த ஊர் மறக்கவில்லை. யாராவது அதைப் பற்றிப் பேசினால் குறுக்கே பேசாதீர்கள், நம் நாட்டுக்காக வாதாடாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டார் இருந்தார்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. உடனே, ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டவரும் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். கடைசியில் நார்வேக்காரரும் ஐஸ்லாந்துக்காரரும் மட்டும் மிஞ்சினார்கள். அந்த மூன்று நாட்டார் களத்தில் எந்தத் தவறும் செய்யவில்லை. தூரத்தில் ஒரு தலைநகரில் போட்ட கையெழுத்து அவர்கள் காலடி நிலத்தை எடுத்துவிட்டது. நாளைக்கு உங்கள் நாடு ஒரு அறிக்கை விட்டால் உங்களுக்கும் இது நடக்கலாம். அதனால் உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, நீங்கள் போனபின்னும் அவர்கள் எழுதும்படி விட்டுவிட்டு வாருங்கள்.

7. யாருடைய பொட்டலத்தையும் கடிதத்தையும் வாங்கித் தாண்டிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு அழுதாலும்.

8. உங்கள் சட்டை குண்டைத் தடுக்காது. அதே நேரம், நீங்கள் போய்விட்டால் என்ன நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2006 ஆகஸ்ட் 4-இல் மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த உள்ளூர்ப் பிள்ளைகள் பதினேழு பேரை, அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். எங்கே இருக்கிறோம் என்று மூன்றாவது ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளூர்த் தோழர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் காரணம் கேட்காமல் திரும்புங்கள். வெளிநாட்டவரைவிட உள்ளூர் ஊழியருக்கே ஆபத்து அதிகம். உங்கள் வீரம் அவர்கள் தலையில் விடியக் கூடாது.

அடுத்தது எழுதவே கை வரவில்லை. 2008 செப்டம்பரில் வன்னியை விட்டுப் போகும்படி அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியிலிருந்து கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று ஜனங்கள் அலுவலக வாசலை மறித்துக் கெஞ்சினார்கள். போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை உலகம் பார்க்கவில்லை. 2012 நவம்பரில் ஐ.நா.வே தன் உள்விசாரணை அறிக்கையில், தன் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டது. 2009-இல் போர் முடிந்தபோது அதே ஓமந்தை வழியாகத்தான் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் தனியே வந்து பதியுங்கள் என்று அறிவித்தார்கள், குடும்பங்களிலிருந்து பிரித்தார்கள். அப்படிப் பிரித்தெடுத்த இடத்தில் தனித்து நின்று பார்த்து எழுதச் சுதந்திரமான கண்காணிப்பாளர்களுக்கு இடம் தரவில்லை. கையில் ஒப்படைத்தேனே, எங்கே என்று கேட்டு 2017 முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தாய்மார் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்காகக் காத்திருந்தே சிலர் இறந்தும் போனார்கள். நின்ற நேரம், ஏற்றிய வண்டியின் எண், கூட்டிப் போனவரின் படைப்பிரிவு என்று சம்பந்தமில்லாத ஒருவர் எழுதிய நோட்டு ஒன்றாவது அந்தத் தாய்மார் கையில் இருந்திருந்தால்! மூன்றாவது அறிவுரையை அவ்வளவு நீட்டி எழுதியது இதற்காகத்தான்.

எப்போது கிளம்புவது, எப்போது இருப்பது என்று சூத்திரம் சொல்ல என்னால் முடியாது. அந்த முடிவை உங்கள் பயத்தையோ தைரியத்தையோ வைத்து எடுக்காதீர்கள். வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டு எடுங்கள்.

9. வரிசையைச் சுருக்குவதே வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

இது கஷ்டமான விஷயம். மக்சோம் வாட்ச் பெண்களுக்குள்ளேயே இந்த வாதம் நடந்தது: நாம் போய் நிற்பதால் கிழவருக்கு நாற்காலி கிடைக்கிறது, இன்னொரு சன்னல் திறக்கிறது, சிப்பாய் குரலைத் தாழ்த்துகிறான், ஆனால் அதனாலேயே சாவடி பார்ப்பதற்கு நியாயமானதாக ஆகிவிடுகிறதே? 2019-இல் பாலஸ்தீனத்தின் கலாந்தியா சாவடியில் முகத்தைப் பார்த்துத் திறக்கும் மின்கதவுகள் வைத்தார்கள். காத்திருப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் தன் ஊரிலிருந்து தன் மருத்துவமனைக்குப் போக அனுமதி வாங்க வேண்டிய நிலை அப்படியே இருந்தது. 2004 ஜூலை 9-இல் சர்வதேச நீதிமன்றம், மேற்குக் கரைக்குள் கட்டப்பட்ட சுவர் சட்டத்துக்கு மாறானது என்று கருத்துச் சொன்னது. அந்தச் சுவரில் உள்ள வாசலை எவ்வளவு துடைத்துப் பளபளப்பாக்கினாலும் அந்தக் கருத்து மாறாது.

என் முடிவு இது. நாற்காலி வாங்கிக் கொடுங்கள், அந்தக் கிழவருக்கு அது இன்றைக்கு வேண்டும். ஆனால் அறிக்கையின் முதல் வரியில், இந்தச் சாவடி இங்கே ஏன் இருக்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஓமந்தைச் சாவடியைப் போர் முடிந்து ஆறு ஆண்டு கழித்து, 2015-இல்தான் எடுத்தார்கள். ஒருமுறை வைத்த சாவடி தானாகப் போகாது.

10. கிளம்புவதற்கு முன் நம் ஊர்ப் பக்கத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்து ராமேசுவரம் ரயிலில் ஏறினால் வழியிலேயே மண்டபம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலி ஜனங்களை நிறுத்தி நோய் சோதிக்க இலங்கை அரசு நடத்திய முகாம் அது. பின்னாளில் அதே இடம் இலங்கையிலிருந்து ஓடி வந்தவர்களின் முகாமாயிற்று. நம் சிவகங்கை மாவட்டத்திலும் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயரை மாற்றியது, நல்லதுதான். ஆனால் அங்கே இருப்பவர்கள் இன்னும் குறித்த நாளில் வந்து ஆஜர் காட்ட வேண்டும், வெளியூர் போவதானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அங்கேயே பிறந்து கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை என்பது போராட்டமாகத்தான் இருக்கிறது.

வருவாய்த் துறையிடம் முறைப்படி அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். நோட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஓமந்தையைத் தாண்டியவர்கள், தாண்ட முடியாமல் மன்னாரிலிருந்து படகேறியவர்கள் அங்கே இருக்கிறார்கள். பெரியவர்களை அம்மா, ஐயா என்றும் நடுவயதுக்காரர்களை அக்கா, அண்ணன் என்றும் கூப்பிடுங்கள். சாவடியில் என்ன நடந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். பிள்ளைகள் எந்த வகுப்பு, பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள். சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார். சொல்லும்போது குறுக்கிடாமல், அடுத்த கேள்வியை மனதுக்குள் தயார் செய்யாமல் கடைசிவரை கேட்க உங்களால் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தவர்கள் வந்து சொல்லுங்கள், உங்களை அனுப்பும் குழுவுக்கு நான் கடிதம் தருகிறேன். முடியாதவர்கள் இன்னொரு மாதம் முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துவிட்டு வாருங்கள்.